சாவிப்பெட்டி கடித்த விரல்

ஊரெங்கும் பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை அன்று ஆரியசாலையில் ஒரு தெருவே சரிந்து விழாமல் நின்றது தாணுமாலயனின் வலது கை மோதிர விரலால்தான். நாலரை மணி நேரம் அந்த ஒற்றை விரலால் சுவரைத் தாங்கிக்கொண்டு, நாற்பது லட்சம் பெண்களுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளையாக நின்றவர் அவர். வானத்திலிருந்து பூத்தூவ வந்த விமானம்கூடக் கோயிலை மறந்துவிட்டு அவர் தலைக்கு மேல் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் போயிற்று.

சொன்னவர் தாணுமாலயனேதான். குடிநீர் வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மீட்டரில் ஓடியதை மட்டும் எழுதி எழுதி அலுத்துப்போய், ஓய்வுக்குப் பிறகு எதையும் உள்ள அளவில் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். தெருக்காரர்கள் அவர் பேச்சைக் காலைக் காப்பியோடு சேர்த்துக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்ப்பவர் ஒருவர்தான், கரமனை அக்கிரகாரத்துப் பஞ்சாபகேசன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். சொந்தப் பிறந்த தேதியைக்கூடச் சான்றிதழைப் பார்க்காமல் சொல்லமாட்டார்.

விஷயம் ஒரு சாவிப்பெட்டி. உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. முகத்தில் பத்து எண்பொத்தான்கள். தாணுமாலயன் வீட்டு மாடியை அவருடைய மருமகன் முறைக்காரன் அனூப் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்த காலத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்து வெளிச்சுவரில் அடித்து வைத்தது. வருகிறவர்கள் எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்ளலாம், யாரையும் எழுப்ப வேண்டாம். தொழில் ஒரு வருஷத்தில் படுத்தது. அனூப் பெங்களூருக்குப் போனான். போகும்போது எண்ணையும் மறந்துவிட்டுப் போனான். மாடிப் பூட்டை மாற்றியாகிவிட்டது, ஆனால் பெட்டி மட்டும் பூட்டியபடி சுவரில் இருந்தது. இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் பழைய விளம்பரம் இன்னும் உயிரோடு இருந்ததால், மாதத்துக்கு நாலு பேர் முதுகுமூட்டையோடு வந்து அந்தப் பெட்டியைக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

"பொங்காலைக்கு முன்ன அந்தச் சவத்தைப் பேத்து எடுத்திரணும், ஆமா," என்று அவர் மனைவி முத்தாரம்மாள் தை மாதமே சொல்லிவிட்டாள். அவர் தினமும் "நாளைக்கு" என்றார். பொங்காலைக்கு முந்தின நாளே முத்தாரம்மாள் தங்கச்சியோடு கோயில் பக்கத்தில் அடுப்புக்கு இடம் பிடிக்கப் போய்விட்டாள். பொங்காலை அன்று காலை ஒன்பதரை மணிக்கு, இனி தள்ளிப்போட நாள் இல்லை என்ற நிலையில், அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

தெருவே இல்லை. முந்தின நாள் ராத்திரியே வந்து இறங்கிய பெண்கள் மும்மூன்று செங்கல்லாக வைத்து, மண்கலம் ஏற்றி, சுவரோரம்வரை நிரப்பிவிட்டிருந்தார்கள். அவர் வீட்டுப் படியிலிருந்து பெட்டிவரை போக ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத்தான் இடம்.

"பத்து நிமிஷ வேலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெட்டியின் சூது என்னவென்றால், நாலு திருகாணியும் பெட்டிக்குள்ளே இருக்கும். திறந்தால்தான் கழற்ற முடியும். அதனால் கடப்பாரை முனையைக் கீழ்ப்பக்கம் கொடுத்து நெம்பினார். பழைய சுண்ணாம்புச் சுவர். கீழே இரண்டு திருகாணியும் பொலபொலவென்று வந்துவிட்டன. மேலே இரண்டும் வரவில்லை. பெட்டி கீழ்வாய் திறந்து முதலை மாதிரி இளித்தது. 'இவ்வளவுதானா' என்று அந்த இடுக்கில் வலது கையைக் கொடுத்து இழுத்தார். கடப்பாரை வழுக்கிக் கீழே விழுந்தது. முதலை வாயை மூடிக்கொண்டது.

மற்ற விரல்கள் தப்பின. மோதிர விரல் மாட்டிக்கொண்டது. பெட்டியின் முதுகுத் தகட்டில் திருகாணிக்கு விட்ட துளையில் மோதிரத்தின் கல்முகப்பு போய்க் கொக்கி போட்டுக்கொண்டது. இழுத்தால் எலும்பு கூவியது. கடப்பாரை காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. மாட்டிய விரல் குனிய விடவில்லை, காலால் தள்ளி இழுத்தாலும் இடது கைக்கு எட்டவில்லை.

சரியாக அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் கோயில் மேளம் முழங்கியது. கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் தீ வைத்தாயிற்று. அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி, மணக்காடு தாண்டி, சாலைக் கடைத்தெரு தாண்டி, ஐந்தே நிமிஷத்தில் அவர் கணுக்காலுக்கு அரையடி தள்ளி எரிய ஆரம்பித்தது. தெரு முழுக்கக் குரவை, பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குலவைச் சத்தம். தாணுமாலயனும் அலறினார். குரவையோடு குரவையாகப் போயிற்று.

இடது கையால் மடியிலிருந்து கைபேசியை எடுத்தார். அனூப் எடுக்கவில்லை. முத்தாரம்மாளின் கைபேசி வீட்டுக்குள்ளேயே அடித்தது. மிச்சம் பஞ்சாபகேசன்.

"ஓய், ஒரு இரும்புப் பெட்டி என் கையை முழங்கை வரைக்கும் முழுங்கிட்டுது வேய்! கீழ தீ, மேல வெயிலு, சுத்தி நாலாயிரம் பொம்பளையளு. உடனே வாரும்!"

மறுமுனையில் பஞ்சாபகேசன் நிதானமாகக் கேட்டார்: "போன வாரம் கல்லாத்துல ஒரு மலைப்பாம்பைக் குடையால அடிச்சு விரட்டினேன்னேளே, அது எத்தனை அடி?"

"அது பதினெட்டு. இது வேற வேய்! இது நெசம்!"

"பதினெட்டுன்னா ஒண்ணரைன்னு வச்சுக்கலாம். முழங்கைன்னா நகக்கண்ணுன்னு வச்சுக்கலாம். நகக்கண்ணுக்குப் போய் நான் பொங்காலைக் கூட்டத்துல நீந்தணுமா? சாயங்காலம் வரேன், நன்னா சொல்லும்." வைத்துவிட்டார்.

அப்போதுதான் தாணுமாலயனுக்கு விஷயம் உறைத்தது. பெட்டி பிடித்திருப்பது விரலை மட்டும். முழு ஆளையும் பிடித்திருப்பது அவருடைய வாய்.

தீ மூட்டியபின் பெண்கள் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை வண்டி வராது, ஆள் வராது. அதற்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகும். அவருக்கோ அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு. காலையில் இரண்டு டம்ளர் காப்பி வேறு. இதற்குமேல் விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

புகையில் கண் கொட்டியது. அவருக்கு ஆக அருகில் இருந்த அடுப்பு ஜிஜி என்ற பெண்ணுடையது. வித்துராவிலிருந்து வந்தவள், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் ஒரு பெட்டி, பெட்டிமேல் கை, கண்ணில் தாரை தாரையாக நீர், வாயில் ஓயாத கதறல், இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய ஒரு பெரியவர். பொங்காலை நாளில் இந்த ஊர்ப் பெண்ணுக்கு இதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும், அம்மனுக்கு ஏதோ வேண்டுதல்.

"மாமனுக்கு நேர்ச்சையா?" என்றாள் பயபக்தியோடு, தனக்குத் தெரிந்த தமிழில்.

"நேர்ச்சையுமில்ல கீர்ச்சையுமில்ல! பெட்டி கையைத் தின்னுது! எலும்பெல்லாம் மாவாப் போச்சு! இன்னும் அஞ்சு நிமிஷத்துல தோளு வரைக்கும் போயிரும்!"

ஜிஜி பார்த்தாள். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் வெயிலில் பளபளவென்று தெரிந்தன. அவள் பக்கத்து அடுப்புக்காரியிடம் கிசுகிசுத்தாள்: "கடுமையான நேர்ச்சை. சித்தம் கலங்கிப் போச்சு."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒருத்தி மஞ்சள் நீர் தெளித்தாள். ஒருத்தி பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி அரளிமாலையைப் பெட்டிக்கும் அவர் கழுத்துக்கும் சேர்த்துப் போட்டாள். இதுவரை விரலால் கட்டுண்டிருந்தவர் இப்போது மாலையாலும் கட்டுண்டார். அவர் கத்தக் கத்தக் குரவை ஏறியது. குரவை ஏற ஏற எட்டத்து அடுப்புக்காரிகள்கூட அங்கிருந்தே கைகூப்பினார்கள்.

மணி பன்னிரண்டு. விரல் முதலில் சிவந்தது, பிறகு கருநீலம் ஆனது, பிறகு ஒன்றுமே தெரியாமல் மரத்தது. அந்த மரத்துப்போனதுதான் அவரைப் பயமுறுத்தியது. விரலை வெட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? சுவருக்கும் தீக்கும் நடுவே, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார். ஒரு மணி ஆனது. ஒலிபெருக்கி, புகை, வெல்லம் கருகும் வாசனை. உட்கார முடியாது, சாய முடியாது, ஓட முடியாது. கத்துவதற்குக்கூடக் குரல் இல்லாமல் போயிற்று.

குரல் போனபிறகுதான் வழி பிறந்தது.

இரண்டு மணிக்குப் பூசாரி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஜிஜி கலத்தை மூடிவிட்டு எழுந்தாள். தாணுமாலயன் மெல்லக் கூப்பிட்டார்.

"மோளே."

அவள் திரும்பினாள்.

"விரல் மாட்டிக்கிட்டு. ஒரு விரலுதான். வலிக்கி. மூத்திரம் போணும்."

ஓய்வு பெற்றபிறகு ஒரு கடுகளவும் கூட்டாமல் தாணுமாலயன் பேசிய முதல் பேச்சு அது. ஜிஜியின் முகம் மாறியது. ஒரே எட்டில் வந்து, குனிந்து, இடுக்கில் பார்த்தாள். "அய்யோ! இதை முதல்லயே சொல்லக்கூடாதா மாமா!"

பொங்காலைக்குக் கொண்டுவந்த நெய்யில் மிச்சத்தை இடுக்கில் ஊற்றினாள். கடப்பாரையைத் தூக்கி நெம்பினாள். மலைச்சரிவில் ரப்பர் வெட்டுகிற கை, ஒரே நெம்பு. விரல் மோதிரத்தோடு வழுக்கி வெளியே வந்தது. தாணுமாலயன் நன்றிகூடச் சொல்லாமல் வீட்டுக்குள் ஓடினார். அந்த ஓட்டத்தை மட்டும் அவர் யாரிடமும் பெருக்கிச் சொன்னதில்லை.

விரலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது தெரு காலி. ஜிஜி வித்துரா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் கலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். நாலாயிரம் சாட்சிகள், ஒன்றுகூட மிச்சமில்லை. கருகிய செங்கல்லும் சாம்பலும், சுவரில் குங்குமம் வைத்த பெட்டியும் மட்டும் இருந்தன.

ஐந்து மணிக்குப் பஞ்சாபகேசன் வந்தார். நடந்தேதான் வந்தார், சட்டைப்பையில் பேனாவோடு. கதையைக் கடைசிவரை கேட்டார். அதற்குள் அது சுவர் சரிந்ததும் விமானம் சுற்றியதுமாக வளர்ந்திருந்தது.

"விரலைக் காட்டும்." பார்த்தார். "வீங்கியிருக்கு. கதவிடுக்குல நசுங்கினாலும் வீங்கும். சாட்சி?"

"எல்லாவளும் பஸ்ஸு ஏறிப் போயிட்டாளுவ."

"ஓஹோ. ஓய், இந்த இடுக்கைப் பாரும். இதுல எலி வாலை விட்டாக்கூட மாட்டாது." பஞ்சாபகேசன் இடது கையால் பெட்டியின் கீழ்ப்பக்கத்தைச் சிரமப்பட்டு அகற்றினார். வலது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டார். "கண்டேளா? விடறேன், எடுக்கறேன். இவ்வளவுதான் சங்கதி." இடது கையை எடுத்தார்.

டப்.

பஞ்சாபகேசனின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அக்கிரகாரத்தின் மூன்று தலைமுறை அடக்கமும் ஒரே மூச்சில் போயிற்று. "ஓய்! பிடிச்சுடுத்து ஓய்! முழங்கை வரைக்கும் முழுங்கறது! எலும்பெல்லாம் பொடியாறது!"

தாணுமாலயன் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். "முழங்கை வெளியிலயாக்கும் இருக்கு வேய். உள்ள இருக்கது ரெண்டு விரலு."

"விளையாடாதேயும்! உயிர் போறது!"

'நடந்ததுண்ணு ஒத்துக்கிட்டா எடுக்கேன்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மத்தியானத்து வெயிலும், மரத்துப்போன விரலும் நினைவுக்கு வந்தன. விழுங்கிக்கொண்டார். கடப்பாரையை எடுத்து இடுக்கில் கொடுத்து, மிச்சமிருந்த வலுவையெல்லாம் சேர்த்து அழுத்தினார். பஞ்சாபகேசன் பின்னால் சாய்ந்து இழுத்தார். மேல் திருகாணி இரண்டும் ஒரு கூடை சுண்ணாம்போடு பிடுங்கிக்கொண்டு வர, பெட்டி, பஞ்சாபகேசன், கடப்பாரை, தாணுமாலயன் என்று எல்லாமாகச் சாம்பலில் போய் விழுந்தன.

பொங்காலைச் செங்கல் பொறுக்க வந்திருந்த துப்புரவுக்காரப் பெண் தள்ளுவண்டியை நிறுத்தினாள். "என்னாச்சு சாமி?"

தாணுமாலயன் வாயைத் திறந்தார். பஞ்சாபகேசன் வீங்கிய விரலைத் தூக்கி அவரைத் தடுத்தார். சாம்பல் பூசிய முகத்தோடு, பத்திரத்தை வாசிக்கிற குரலில், தானே சொன்னார்:

"இந்தப் பெட்டி காலம்பற ஒம்பதரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இவரைப் பிடிச்சு வச்சுண்டிருந்தது. நடந்ததாக்கும். நான் சொல்றேன், நடந்தது."