நூற்றிருபத்தைந்து விழுக்காடு

உலகத் தமிழர் வரலாற்றிலேயே தன் உறுப்பினர்களில் நூற்றிருபத்தைந்து விழுக்காட்டினரை வகுப்புக்கு வரவழைத்த ஒரே அமைப்பு, கிளமெண்டி முத்தமிழ்ச் சுடர் மன்றம். மன்றத்தின் பதிவேட்டில் இருப்பவர்கள் நாற்பது பேர்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் ஆண்டுக்கூட்டம். தலைவர் வேலாயுதம் தனக்குத் தானே ஏற்பாடு செய்திருந்த பொன்னாடையோடு முழங்கினார்: "தமிழ்ப் பேச்சு வகுப்புக்கு எழுபது விழுக்காடு! யோகா வகுப்புக்கு ஐம்பத்தைந்து! ஆக மொத்தம் நூற்றிருபத்தைந்து!"

கைதட்டல் ஓய்ந்ததும் பாக்கியலட்சுமி எழுந்தார். டியூஷனில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். இந்த முறை தலைவர் பதவிக்கு அவரும் போட்டியிடுகிறார்.

"தலைவரே, ரெண்டுக்குமே வராதவங்க எத்தன பேரு? ஒரு வகுப்புக்குக்கூட வராதவங்க தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னு போன வருஷம் நீங்கதான விதி போட்டீங்க?"

அந்த விதி பாக்கியலட்சுமியை மனத்தில் வைத்தே போடப்பட்டது. அவரோ அன்றிலிருந்து ஒரு வகுப்பையும் விடவில்லை.

"தேநீருக்குப் பிறகு விரிவாகப் பதிலளிக்கப்படும்," என்றார் தலைவர். தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம்.

செயலாளர் பிரபாகர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், எண்ணிப் பழகியவர். அவரைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார் தலைவர்.

"நூத்தி இருபத்தஞ்சுல நூறு போனா இருபத்தஞ்சு. அவ்வளவு பேரு ரெண்டுக்கும் வந்துருக்காங்க. மிச்சம் யாருமே இல்ல. சரிதான?"

"ரிஜிஸ்டர்ல ரெண்டுக்கும் வந்தவங்க பன்னண்டு பேருண்ணே. முப்பது பர்சென்ட். அவங்கள நாம ரெண்டு தடவ எண்ணிட்டோம். ஒரு தடவய கழிச்சா தொண்ணூத்தஞ்சு. அஞ்சு பர்சென்ட் வெளிய நிக்குது. ரெண்டு பேரு."

தலைவருக்கு வியர்த்தது. பொன்னாடையால் துடைத்துக்கொண்டார்.

"பன்னண்ட பத்தாக்கிடு லா! யோகாவுல ரெண்டு பேர அடிச்சிரு!"

"அடிச்சா யோகாவுக்கு வந்தவங்க இருபத்திரண்டுலேர்ந்து இருபது ஆயிடுவாங்கண்ணே. தமிழ் இருபத்தெட்டு, யோகா இருபது, நாப்பத்தெட்டு. அதுல பத்து போனா முப்பத்தெட்டு. அப்பவும் அதே ரெண்டு பேரு."

"வேற வழியில கணக்குப் போடு!"

"எப்படிப் போட்டாலும் அவங்க உள்ள வர மாட்டேங்கிறாங்கண்ணே."

"பிரபா, உன் கால்ல வேணா விழறேன். ஒன்பது வருஷம்பா! லெட்டர்ஹெட்டுல என் படம் இருக்கு!"

"எந்திரிங்கண்ணே, ஆளுங்க பாக்குறாங்க. எதாவது ஒருநாள், ஒரே ஒருநாள், எட்டிப் பாத்தீங்களா?"

"தொடக்க விழாவுக்கு ரிப்பன் வெட்டுனேன்ல?"

"அது வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளுண்ணே."

மேலே மணி அடித்தது. தலைவர் படிக்கட்டின் கைப்பிடியை விடவில்லை. பிரபாகர் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

கூட்டத்தில் பாக்கியலட்சுமி வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கி, வராத பெயர்களை நிதானமாக வாசித்தார். முதல் பெயர் இராமசாமி. அவர் ஜனவரியில் காலமாகிவிட்டார். நாற்பது குறையக்கூடாது என்று தலைவர்தான் அவரை நீக்க விடவில்லை.

இரண்டாவது பெயர் வேலாயுதம்.