வெங்காயம் போட்ட மீன் மசியல்

டப்பாவின் மூடியை அவள் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். அதற்குள் நாத்தனாரின் முகம் மாறிவிட்டது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"ஊதியிருக்கான்னு பாக்குற. கெட்டுப்போன டப்பாவைக் கொண்டாந்து குடுத்து உன்னைப் படுக்க வெச்சிருவேன்னு பாக்குற. பாரும்மா, நல்லா அமுக்கிப் பாரு. மத்த ரெண்டையும் சேத்துப் பாரு."

மூன்று டப்பாக்களையும் அவள் பக்கமாக நகர்த்திவிட்டு, நாத்தனார் சமையலறை மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புகைபோட்ட மீன் அடைத்த டப்பாக்கள். மீன் ஃபேக்டரியில் நாத்தனார் சூப்பர்வைசர். ஓரம் நசுங்கிய டப்பாக்களைக் கடைக்கு அனுப்ப முடியாது என்பதால் சனிக்கிழமைகளில் வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்ளலாம். நசுங்கியிருந்தால் பரவாயில்லை, மூடி உப்பியிருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அதனால் திறப்பதற்கு முன் அழுத்திப் பார் என்று இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாத்தனார்தான். இத்தனை வருடங்களில் எத்தனையோ டப்பாக்களை அழுத்தியிருக்கிறாள். இன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. உள்ளதைச் சொல்லப்போனால், அவளும் இன்றைக்குச் சும்மா அழுத்தவில்லை. அரை மூச்சு நேரம், அரை மூச்சுதான், அந்தச் சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டுத்தான் போனது.

கணவன் இறந்து நான்கு வருடமாகிறது. மாடியில் நாத்தனார், கீழே அவளும் மகளும், இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே சமையலறை. கல்யாணமே செய்துகொள்ளாத நாத்தனாரும் கணவனை இழந்த அவளும் ஆளுக்கொரு கை பிடித்து நடத்தியதில்தான் மகள் ஒன்பது வயதுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் மகள் வாலு. கண்ணாடிக் கடையில் அம்மாவுக்கு வேலை முடியத் தாமதமானால் நாத்தனார் வாலுவைக் கூட்டி வருவாள். நாத்தனாருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் வாலு அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "அக்கா, நானும் உங்க ஃபேக்டரி மெக்கானிக்கும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்று அவள் சொன்னாள். நாத்தனார் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவள் இருட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் வாலுதான் தபால்காரி. கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "பால் தீந்துபோச்சுன்னு உங்கம்மாட்ட சொல்லு" என்பாள் நாத்தனார். "வாங்கி வெச்சாச்சுன்னு அத்தைகிட்ட சொல்லு" என்பாள் இவள். வாலு ஒரு பக்கம் திரும்பி, மறு பக்கம் திரும்பி, கடைசியில், "நான் என்ன டெலிஃபோனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

இன்றைக்கு மாலை மெக்கானிக் வருகிறார். இதற்கு முன்பும் வந்திருக்கிறார், ஆனால் மோட்டாரைப் பார்க்க, குழாயைப் பார்க்க. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வருவது இதுதான் முதல் தடவை. வாலுவுக்குச் சம்மதம் இல்லையென்றால் இந்தக் கல்யாணம் இல்லை என்று அவரிடம் அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவரும் நியாயம்தான் என்றார். காலையில் நீச்சல் வகுப்புக்குக் கிளம்பும்போது வாலு ஷூவுக்குள் காலைத் திணித்தபடி தன் முடிவைச் சொன்னது. "அத்தை உக்காந்தா நானும் உக்காருவேன். அத்தை மாடிக்குப் போயிட்டா நானும் போயிடுவேன்." சொன்னால் சொன்னதுதான். அந்த விஷயத்தில் அது அப்படியே அத்தை. இன்றைக்கு மாடிக்குப் போய்விட்டால் அப்புறம் இறங்கி வரவே வராது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆகவே நாத்தனாரிடம் கேட்டாக வேண்டும். வாயைத் திறந்து, தயவுசெய்து உட்காருங்கள் என்று. அதற்கு இந்த டப்பாவை மூடியோடு விழுங்கிவிடலாம் போலிருந்தது. கைகள் வேலையில் இருந்தால் வாய்க்குக் கொஞ்சம் துணிச்சல் வரும் என்று நினைத்துத்தான் மசியலைச் செய்ய ஆரம்பித்தாள். மூன்று டப்பாக்களையும் திறந்து வடிகட்டியில் கவிழ்த்தாள். மஞ்சள் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. புகை வாசனை கிளம்பி, துணி காயப்போட்ட கொடி வரைக்கும் போனது. மீன் துண்டுகளைப் பெரிய கிண்ணத்தில் போட்டு நடுமுள்ளை நீக்கினாள். சின்ன முள்ளெல்லாம் டப்பாவுக்குள்ளேயே வெந்து குழைந்திருக்கும், அதை எடுக்க வேண்டியதில்லை.

"மிக்ஸியில போடப் போறியா?" நாத்தனார் கேட்டாள்.

"இல்லக்கா. ஃபோர்க்குலதான்."

"போட்டாலும் போடுவ. உனக்கு எதுலயும் பொறுமை கிடையாது. நாலு வருசத்துலயே தெரிஞ்சுபோச்சே."

அவள் ஃபோர்க்கின் முதுகால் மீனை அழுத்தினாள். அது இதழ் இதழாகப் பிரிந்தது. க்ரீம் சீஸை வழித்துப் போட்டாள், மிளகை நுணுக்கிப் போட்டாள். உப்பு வேண்டாம், டப்பா மீனிலேயே இருக்கிறது. பிறகு கூடையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது எதுக்கு?"

"இதுல போடத்தான்."

"என் தம்பிக்கு வெங்காயம் ஆகாது."

"தெரியும்க்கா."

"இந்த வீட்டுல இதுல வெங்காயம் போட்டதே கிடையாது."

"எனக்குப் புடிக்கும்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான், இந்த வாக்கியத்தை இந்தச் சமையலறையில் அவள் சொன்னதேயில்லை என்பது தெரிந்தது. கணவன் கெட்டவனில்லை. வெங்காயம் வேண்டாம் என்பான், அவள் போடமாட்டாள், அவ்வளவுதான். அவன் போன பிறகும் நான்கு வருடம் அவள் போடவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமலேயே போடவில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டு, தேவைக்கு மேலேயே பொடியாக நறுக்கினாள்.

நாத்தனார் எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து வந்தாள். வெங்காயம் விழுவதற்குள் மசித்த மீனில் சரிபாதியைக் கரண்டியால் அதற்கு மாற்றினாள். கிண்ணத்தின் ஓரத்தில் கரண்டியைத் தட்டிய சத்தம் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

"இது என் தம்பி பொண்ணுக்கு. அவ அதைத் தின்னமாட்டா."

"அவ என் பொண்ணும்தான்க்கா."

"ஞாபகம் இருக்கா? சந்தோசம்."

இதுதான் சமயம் என்று இல்லை. இதைவிடக் கெட்ட சமயம் அமையாது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் வாலு வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வெங்காயத்தைக் கிண்ணத்தில் தள்ளிவிட்டு, கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சாயங்காலம் நீங்க மேஜையில உக்காரணும்க்கா. எனக்காக வேணாம். வாலு நீங்க உக்காந்தாதான் உக்காருவேன்னு சொல்லியிருக்கா."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு என்று அதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லாததால் சொல்ல வேண்டியதுதான். "நாள் முழுக்க ஃபேக்டரியில அந்த மூஞ்சியத்தான் பாக்குறேன். லீவு நாள்லயும் பாக்கணுமா? மெஷின் நின்னுபோனா மனுசன் பதறணும். இவன் ஸ்பேனரை வெச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுவான். சுருதி கிடையாது, ஒண்ணும் கிடையாது. சாப்பிடறப்ப பிரெட்டோட ஓரத்தைப் பிச்சுப் பிச்சுத் தனியா வெப்பான். கடைசியில அதை மட்டும் டீயில முக்கித் தின்னுவான். சின்னப் புள்ளையாட்டம்."

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக வெட்டினாள்.

"கொஞ்சமாப் புழி" என்றாள் நாத்தனார், அதே கடுகடுப்போடு. "புளிப்புப் பட்டா அவனுக்குப் பல்லு கூசும். இடது பக்கத்துல மென்னு திங்கவே மாட்டான். வாயை ஒரு மாதிரி கோணிக்கிட்டு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான்."

பழத்தைப் பிடித்திருந்த கை நின்றது. மெக்கானிக்கோடு அவள் எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கிறாள், பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துத் தின்றிருக்கிறாள். இடது பக்கம் மெல்லமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்புவார் என்பது தெரியாது. அதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒருத்தி தினமும் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, தன் சோற்றை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எத்தனை வருடமாகவோ.

அவர் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. மோட்டார் ரிப்பேர் என்று நாத்தனார்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனையிலேயே மோட்டார் சரிசெய்பவர் கடை வைத்திருக்கும்போது எதற்காக ஃபேக்டரியிலிருந்து ஆள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பெட்டியில் மடித்தே வைத்திருந்த நீலப் புடவையை நாத்தனார் அன்று உடுத்தியிருந்தாள். இதே மசியலைத் தன் கையால் செய்து, பிரெட்டில் தடவி, தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். "நீ மேல என் ரூம்ல உக்காந்து வாலுவுக்குப் பாடம் சொல்லிக்குடு, கீழ ஒரே சத்தமா இருக்கும்" என்று அவளை அனுப்பி வைத்தாள்.

சில விஷயங்கள் தெரியவந்தால் வாயை மூடிக்கொள்வதுதான் அழகு. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கரண்டிச் சத்தம் இன்னும் கன்னத்திலேயே இருந்தது.

"அன்னிக்கு என்னை மாடிக்குப் போகச் சொன்னீங்க" என்றாள்.

நாத்தனாருக்கு எந்த நாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேஜையில் சிந்திக் கிடந்த மிளகுத் தூளை ஒற்றை விரலால் ஒரு கோடாகக் கூட்டினாள்.

"சொன்னேன். நீ கேக்கல."

"வாலுவுக்குத் தண்ணி எடுக்கத்தான் வந்தேன்."

"ஆமா. தண்ணி எடுக்க வந்த. தண்ணியும் எடுக்கல, மாடிக்கும் போகல. அந்தக் கதவுல சாஞ்சு அரை மணி நேரம் நின்ன. அவன் கேட்டதுக்கெல்லாம் சிரிச்ச. புள்ள மேலேர்ந்து கத்துது, தண்ணி தண்ணின்னு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருந்தது. மேலே போயிருப்பேன் என்பது அது. அதைச் சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். கதவின் மரச்சட்டம் தோளில் பட்டதும், வேலை செய்துகொண்டே அவர் பாடிய சுருதியில்லாத பாட்டும், பல காலத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதும் நினைவுக்கு வந்தன. வாய் தானாக மூடிக்கொண்டது.

"அதான்" என்றாள் நாத்தனார். எழுந்தாள். குழாயடியில் போய்க் கையைச் சோப்புப் போட்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேலே கதவு சாத்தும் சத்தம் பலமாக இல்லை. பலமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு கிண்ணங்களையும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். பிரெட்டை வாட்டினாள். கையிலிருந்து வெங்காய வாசனை போகவில்லை.

வாலு ஈரத் தலையோடு வந்தது. பையைக் கீழே போடாமலேயே, "அத்தை எங்க?" என்று கேட்டது.

"மேல."

"வருவாங்களா?"

"தெரியல."

வாலு பையோடு போய் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து பார்த்தால் சமையலறையும் தெரியும், மாடிக் கதவும் தெரியும். மெக்கானிக் வந்தபோதும் அது எழுந்திருக்கவில்லை. அவர் நகக்கண்ணில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவியிருந்தார், தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியைப் பார்த்து, "என்ன, செக்யூரிட்டி வேலையா? உள்ள விடுவீங்களா?" என்றார். வாலு அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியை நோக்கித் திரும்பிக்கொண்டது.

"வாங்க, உக்காருங்க" என்றாள் அவள். அவர் உட்கார்ந்தார். முன்னால் இரண்டு கிண்ணங்கள்.

"எது எனக்கு?"

"எது வேணும்னாலும்" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. அவர் வெங்காயம் போட்ட மசியலைக் கொஞ்சம் எடுத்துப் பிரெட்டில் தடவினார். கடிக்கவில்லை. எல்லோரும் உட்காரட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வாலு, வா. பசிக்கும்."

"அத்தை?"

"அவங்க வரமாட்டாங்கம்மா."

வாலு எழுந்து நின்றது. பையைத் தோளில் மாட்டியது. நான்காவது படியில் கால் வைத்தது, பிறகு ஐந்தாவதில். அவள் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மெக்கானிக் கையிலிருந்த பிரெட்டை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

அப்போதுதான் மாடிக் கதவு திறந்தது. எதையோ தரையில் இழுக்கும் சத்தம், மரம் சிமெண்டில் உரசுகிற சத்தம், மாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து படியின் தலைமாட்டுக்கு வந்தது. பிறகு முதல் படியில் தொம்மென்று ஒரு இடி. அடுத்த படியில் இன்னொன்று.

இந்த மேஜைக்கு நாற்காலிகள் மூன்றுதான். நான்காவதை, தம்பி உட்கார்ந்திருந்ததை, அவன் செத்த வாரமே நாத்தனார் மாடிக்கு எடுத்துப் போய்விட்டாள். அதன் பிறகு அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

மெக்கானிக் பாதி எழுந்தார். "நான் போய்ப் புடிக்கிறேன். பாரமா இருக்கும்."

"உக்காருங்க" என்றாள் அவள். "அதை யாரையும் தொட விடமாட்டாங்க."

தொம். தொம். வாலு பையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றது. படி திரும்பும் இடத்தில் முதலில் நாற்காலியின் நான்கு கால்கள் தெரிந்தன, அப்புறம் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்த இரண்டு கைகள். நாற்காலியின் முதுகுப் பலகை மறைத்ததில் முகம் தெரியவில்லை.