கேரவனில் கரண்டு வந்த முகூர்த்தம்

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் என் கணவர் ரஞ்சன் எங்கள் கேரவனுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங், கியர், சக்கரங்கள், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தோடு உள்ளே போனார். அடுப்புக்கு வைத்தார். குளிரூட்டும் ஏர்கானுக்கு வைத்தார். கைக்கு எட்டிய எதையும் விடவில்லை.

"போதும்லா. விட்டா எனக்கும் பூசிடுவீங்க போல."

"உனக்கு எதுக்கு? நீ ரிப்பேரே ஆகாத வண்டி."

மறுநாள் காலை மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்தக் கேரவன் அவர் கையால் உருவானது. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், சிங்க், அடுப்பு, ஏர்கான் எல்லாம் வைத்து, வயரிங்கையும் தானே செய்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு எல்லை தாண்டி மெர்சிங் கடற்கரைக்கு அதில்தான் போவோம். மற்ற வாரயிறுதிகளில் அது கல்யாணப் பெண்களுக்கு அலங்கார அறை. அவர் போன பிறகு ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டருகே வண்டி நிறுத்துமிடத்தில் சும்மா நின்றது.

அவருடைய தம்பி அருண்ராஜ் அதை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

"நீங்க தனியா எப்படி அண்ணி சமாளிப்பீங்க? ஒண்ணு கெட்டுப்போனாக்கூட அண்ணனுக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. அதனால்தான் மறுத்துப் பேச முடியவில்லை. தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரஞ்சன் ஒப்புக்கொண்டிருந்தார். "அதை மட்டும் நான் நடத்திக் காட்டுறேன், தம்பி. முடியலன்னா நீங்க சொல்றபடி வித்துடலாம்" என்றேன்.

"சரி. அன்னிக்கே அந்த ஆளையும் கோயிலுக்கு வரச் சொல்றேன். எதுக்கும் இருக்கட்டும்."

முகூர்த்தம் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில். விடிந்ததும் நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். அருண்ராஜ் ஜெனரேட்டரைப் போட்டுக் கொடுத்தார். ஏர்கான் ஓடியது. மணப்பெண் ரக்‌ஷனா ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். என் தோழி ருக்ஸானாதான் அலங்காரம் செய்பவள். முடி உலர்த்தும் கருவியை எடுத்துச் சொருகினாள். சத்தமே இல்லை. முடி சுருட்டும் கம்பியை வேறு சாக்கெட்டில் சொருகினாள். அதன் விளக்கும் எரியவில்லை.

"அக்கா, உங்க வண்டில கரண்டு இல்ல."

"ஏர்கான் ஓடுதே."

"அப்ப ஏர்கானை வச்சுத்தான் முடி காய வைக்கணும். அடுத்த வருஷக் கல்யாணத்துக்குக் காஞ்சிடும்."

ரக்‌ஷனா சிரிக்கவில்லை. கோயில் அறையில் இன்னொரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வேறு இடம் கிடையாது.

அருண்ராஜ் கதவோரமிருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்தார். எல்லா சுவிட்சும் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றையும் இறக்கி ஏற்றினார். எந்த மாற்றமும் இல்லை.

"வயர் போயிடுச்சு அண்ணி. மூணு மாசமா சும்மா நின்ன வண்டி. எலி கடிச்சிருக்கும்."

"எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலைலயா?" என்றாள் ருக்ஸானா. "அவன் வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு வளைகாப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும்."

அருண்ராஜின் போன் அடித்தது. வேனைப் பார்க்க வந்தவர் வெளியே நின்றார். "ரெண்டு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க முயற்சி பண்ணிட்டீங்க அண்ணி. அது போதும்" என்றார். தோற்றவர்களிடம் பேசும் மென்மையான குரல்.

"ஒரு நிமிஷம் இருங்க, தம்பி" என்றேன்.

ருக்ஸானாவின் போனையும் சார்ஜரையும் வாங்கி ஒவ்வொரு சாக்கெட்டாகச் சொருகிப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே உள்ளது செத்திருந்தது. கட்டில் பக்கத்தில் உள்ளதும் அப்படியே. ஆனால் கதவோரம், மின்சாரப் பெட்டிக்கு அடியில் இருந்ததில் சொருகியதும் போன் ஒளிர்ந்தது. அப்படியானால் பெட்டி வரை கரண்டு வருகிறது. எலி கடித்திருந்தாலும் முதல் சாக்கெட்டைத் தாண்டித்தான் கடித்திருக்க வேண்டும். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

சிங்க் இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒவ்வொரு பயணத்திலும் ரஞ்சன் ஜெனரேட்டரைப் போட்டவுடன் நேராக சிங்க்குக்குப் போவார். பிறகுதான் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார். எண்ணெய்க் கையைக் கழுவப் போகிறார் என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆனால் குழாய்ச் சத்தம் எப்போதுமே சற்றுத் தாமதமாகத்தான் கேட்கும். குழாயைத் திறப்பதற்கு முன் அங்கே அவர் வேறு ஏதோ செய்திருக்கிறார்.

சிங்க்குக்கு மேல் தொங்கிய துண்டை விலக்கினேன். சுவரில் ஒரு சாக்கெட், கண்ணாடிப் பக்கத்துக்குக் கரண்டு போகும் வழியில். அதில் இரண்டு சிறு பொத்தான்கள், ஒன்றில் டெஸ்ட், மற்றதில் ரீசெட் என்று எழுதியிருந்தது. ரீசெட் பொத்தான்மேல் காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

அழுத்தினேன். பாதி உள்ளே போய்த் திரும்பி வந்துவிட்டது. விளிம்பைச் சுற்றியிருந்த இடுக்கில் சந்தனம் வழிந்து கல்லாக இறுகியிருந்தது.

"தம்பி, ஜெனரேட்டரை நிறுத்துங்க."

"எதுக்கு அண்ணி?"

"உங்க அண்ணன் இதுக்கும் பொட்டு வச்சிருக்காரு."

ருக்ஸானா எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஈரத்துணி தரவா?"

"தண்ணி வேணாம். நகத்துக்கு வச்சிருப்பியே, மரக்குச்சி, அது கொடு."

ஜெனரேட்டர் நின்றது. குச்சி முனையால் விளிம்பைச் சுற்றி மெதுவாகச் சுரண்டினேன். சந்தனம் தூளாக உதிர்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் வாசனை இருந்தது. சிங்க்கில் விழாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டேன். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். ரக்‌ஷனா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப போடுங்க!"

ஜெனரேட்டர் உறுமியது. பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அதே நொடியில், யாரோ அணைக்க மறந்திருந்த முடி உலர்த்தி மேசைமேல் அலறிக்கொண்டு துள்ளியது. ரக்‌ஷனா வீலென்று கத்தினாள். பிறகு கைதட்டினாள்.

"வந்துடுச்சு அக்கா!" என்று ருக்ஸானா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இரு" என்று சொல்லி டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். முடி உலர்த்தி மறுபடி செத்துப்போயிற்று.

"அய்யோ, என்ன அண்ணி பண்றீங்க!" என்றபடி அருண்ராஜ் உள்ளே ஓடி வந்தார்.

"ஈரத் தலையோட ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. கோளாறு வந்தா இது கட்டாகுதான்னு பார்க்க வேணாமா?" மறுபடி ரீசெட்டை அழுத்தினேன். மறுபடி அலறல். அதைவிட இனிமையான சத்தத்தை அன்று நாதஸ்வரத்தில்கூட நான் கேட்கவில்லை.

அருண்ராஜ் மின்சாரப் பெட்டியை மூடினார். பிறகு வாசலுக்குப் போய், வெளியே நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"சாரி பாஸ். வண்டி வேலைல இருக்கு. விக்கலை."

"எப்ப விப்பீங்க?"

"ஓனரைக் கேக்கணும். அவங்க உள்ள பிஸி."

ரக்‌ஷனா முகூர்த்தத்துக்கு முன்பே தயாராகிவிட்டாள். கெட்டிமேளம் கேட்டபோது நான் கோயில் தூணருகே நின்று மற்றவர்களோடு சேர்ந்து அட்சதை தூவினேன். சாப்பாட்டுப் பந்தியில் மணப்பெண்ணின் அத்தை என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய மகளுக்கு வைகாசியில் கல்யாணம்; கேரவன் கிடைக்குமா என்று கேட்டார்.

"கிடைக்கும்" என்றேன்.

பக்கத்து இலையில் இருந்த அருண்ராஜ் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கியபடி, "முன்பணம் வாங்கிக்குங்க அண்ணி" என்றார்.

அதற்குப் பிறகு நிறையக் கல்யாணங்கள் பார்த்துவிட்டது அந்த வண்டி. விடுமுறைக்கு மெர்சிங்குக்கும் போய் வந்துவிட்டோம். விளிம்பை மட்டும்தான் அன்று சுரண்டினேன். பொத்தானின் நடுவில் இருந்த பொட்டு, விரல் பட்டுப் பட்டுத் தானாகவே தேய்ந்து போய்விட்டது.

ஜெனரேட்டரை நிறுத்தினால் அந்தப் பொத்தான் இன்றும் வெளியே வந்துவிடும். மறுபடி போட்டதும் முதலில் சிங்க்குக்குத்தான் போக வேண்டும்.