பெயர் போடாத வாக்கு அட்டை

புது ஆசிரியை டாம்சின் பள்ளிக்கு வந்து இரண்டு பருவம்கூட முடியவில்லை. அதற்குள் ஆறாம் வகுப்பிலிருந்து வரும் சிரிப்புச் சத்தம் நரெலின் வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

குடிமையியலில் சிரிக்க என்ன இருக்கிறது? பத்தொன்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவள் நரெல். மூன்று அடுக்கு அரசாங்கம், இரண்டு அவை, ஒரு அரசியல் சட்டம். பலகையில் எழுதிப் போடுவாள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். யாரும் சிரித்ததில்லை. இந்த வருடம் பாடத்தைத் தூக்கி டாம்சினிடம் கொடுத்துவிட்டு, "நீ கொஞ்சம் ஓய்வா இரு, நரெல்" என்றாள் தலைமையாசிரியை லோரெய்ன். ஆறாம் வகுப்பில் நரெலுக்கு மிஞ்சியது திங்கட்கிழமை எழுத்துப் பயிற்சி.

அந்தப் பெண்ணோ மேசைகளை எதிரெதிராகத் திருப்பி வகுப்பையே நாடாளுமன்றம் ஆக்கிவிட்டாள். மதிய மணியைப் பத்து நிமிடம் முன்னால் அடிக்க ஒரு மசோதா, அதை எதிர்க்க ஒரு கட்சி, நடுவில் யார் பக்கமும் சாயாத இரண்டு சுயேச்சைகள். போதாததற்கு, நகர மன்றத்தின் பழைய பெட்டிகளைக் கிளறி, நீச்சல் குளம் கேட்டு இந்த ஊர்ப் பெண்கள் எழுதிய மனுவை நகலெடுத்து வந்தாள். மூல ஆவணமாம். பிள்ளைகள் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைந்தார்கள். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் சுவரில் தொங்கின: யார் எழுதியது? எப்போது? யாருக்கு? எதற்காக?

இதையெல்லாம் நரெல் பொறுத்துக்கொண்டிருப்பாள். கான்பெரா பயணம்தான் அவளை உலுக்கிவிட்டது.

ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பைப் பேருந்தில் ஏற்றித் தலைநகருக்குக் கூட்டிப்போவது அவள்தான். பதினாறு வருடம். பழைய நாடாளுமன்றத்தின் வாசலில் நிற்கும் வழிகாட்டி, "திரும்ப வந்துட்டீங்களா?" என்று கேட்பாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பாள். பேருந்தில் ஆசிரியருக்கு ஓர் இடம்தான்.

"யாரு போறதுன்னு பிள்ளைங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டுமே" என்றாள் டாம்சின், ஆசிரியர் அறையில், வெகுளியாக. "நிஜத் தேர்தல் மாதிரி. பிடிச்ச வரிசைப்படி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எல்லாக் கட்டத்துலயும் எண் போடணும்."

லோரெய்னுக்கு வாயெல்லாம் பல். விளையாட்டு ஆசிரியர் கெவ், "அப்ப நானும் நிக்கிறேன்" என்று தமாஷுக்குப் பெயர் கொடுத்தான்.

நரெல் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் எண்ணிக்கையில் டாம்சினை ஜெயிக்க முடியாது. ஆனால் கெவ் கடைசியில் வருவான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் அவன் வெளியேறினால், அவனுக்குப் போட்ட சீட்டுகள் இரண்டாம் எண் யாருக்கோ அவர்களிடம் போகும். அவன் கால்பந்து அணிப் பிள்ளைகள் அவன் சொன்னதை மீற மாட்டார்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண் போடுவது என்று வேட்பாளர் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் வாக்கு அட்டை ஒன்று போதும்.

"கெவ், உன் வாக்கு அட்டையில ரெண்டாவது யாரு?"

"அட்டையா? அதெல்லாம் யாரு எழுதிக்கிட்டு இருப்பா?"

"நான் எழுதித் தர்றேன். ஒண்ணு நீ, ரெண்டு நான், மூணு அவ."

கெவ் டீயை நிதானமாக உறிஞ்சினான். "எனக்கு என்ன கெடைக்கும்?"

"என்ன வேணும்?"

"வெள்ளிக்கிழமை மைதான டூட்டி. பருவம் முடியற வரைக்கும் நீ பாரு."

நரெல் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள். செப்டம்பர் மாதம். மைதானத்து யூகலிப்டஸ் மரத்தில் ஒரு மேக்பை பறவை குஞ்சு பொரித்திருந்தது. அந்தப் பக்கம் போகிறவர் தலையில் பாய்ந்து கொத்தும். போன வருடம் கெவ்வின் காதில் ரத்தம் பார்த்த பறவை.

"சரி" என்றாள்.

அட்டையைத் தன் கையாலேயே எழுதி நகலெடுத்தாள். எழுதியவர் பெயர் இல்லாத அட்டை செல்லாது என்று டாம்சின் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கீழே பெயர் போடவில்லை. பேனா கையிலிருந்தும் மனசு வரவில்லை.

தேர்தலன்று, அந்த நாட்டு வாக்குச்சாவடி வழக்கப்படி, கெவ் கரி அடுப்பில் சாஸேஜ் வாட்டி, ரொட்டியில் வெங்காயத்தோடு மடித்துக் கொடுத்தான். பிறகு டாம்சின் சீட்டுகளைச் சத்தமாக எண்ணினாள். அவளுக்குப் பத்து, நரெலுக்கு ஏழு, கெவ்வுக்கு ஐந்து. கெவ் வெளியே. அவனுடைய ஐந்தும், ஒன்றுகூட சிதறாமல், நரெலிடம் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு.

டாம்சின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உனக்குத்தான் கெடைக்கணும்னு நெனச்சேன், நரெல்." அதில் ஒரு துளி நடிப்பும் இல்லை. அதுதான் நரெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றபோதாவது அந்த முகம் கொஞ்சம் சுருங்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை, பறவையை ஏமாற்றக் கண் வரைந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நரெல் மரத்தடியில் நின்றாள். பறவை இரண்டு முறை டப்பாவைத் தட்டிவிட்டுப் போனது. ஜெயித்தவள்தானே, தாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எழுத்துப் பயிற்சிக்காக ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தவள் கதவோரமே நின்றுவிட்டாள். டாம்சின் இல்லை. சுவரில், அந்த நான்கு கேள்விகளுக்குக் கீழே, மூன்று காகிதங்கள் குத்தப்பட்டிருந்தன. கெவ்வின் வாக்கு அட்டை. மைதான டூட்டிப் பட்டியலின் நகல், வெள்ளிக்கிழமைகளில் கெவ் பெயரை அடித்துவிட்டு, தேதியோடு நரெல் என்று அவள் எழுதியது. போன வாரம் அவள் திருத்தி மதிப்பெண் போட்டுக் கொடுத்த ஒரு எழுத்துப் பயிற்சித் தாள். மூன்றிலும் வால் சுருண்ட '2'ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

யார் எழுதியது: நரெல் மிஸ். எப்போது: தேர்தலுக்கு முந்தைய வாரம். யாருக்கு: கெவ் சாரின் அணிக்கு. எதற்காக என்பதற்கு எதிரே காலியாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா? டாம்சின் மிஸ்ஸா?" என்று கேட்டாள் நரெல்.

"அவங்களுக்கு இன்னும் தெரியாது" என்றாள் இமோஜன், முன்வரிசைக்காரி. "டப்பாவோட உங்களப் பாத்தோம். கெவ் சார் டூட்டில நீங்க ஏன்னு தேடினோம். தப்பில்ல மிஸ், கட்சிங்க எல்லாம் பேரம் பேசும்தான். சூப்பர் ஆவணம் இது."

பிள்ளைகள் முகத்தில் கோபமே இல்லை. கண்டுபிடித்துவிட்ட பூரிப்புதான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் தான் நடத்திய ஒரு பிள்ளைகூட எதையும் இப்படிக் கண்டுபிடித்ததில்லை என்பது நரெலுக்கு உறைத்தது. அந்தப் பெண்மீது இதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, இப்போது படுவதுதான் பொறாமை.

"நாலாவதுக்கு மட்டும் பதில் கெடைக்கல" என்றாள் இமோஜன், பேனாவை நீட்டி. "எழுதினவங்க உயிரோட இருந்தா நேராவே கேக்கணும்னு டாம்சின் மிஸ் சொல்லியிருக்காங்க."

இருபத்திரண்டு ஜோடிக் கண்கள். எல்லாம் அவள் மேல்தான்.

நரெல் பேனாவை வாங்கினாள். காலி இடத்தில் 'பொறாமை' என்று எழுதினாள்.

இமோஜன் எட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"கீழ பேரு போடுங்க மிஸ். இல்லன்னா செல்லாது."

நரெல் பெயரைப் போட்டாள்.