அஜின்கோர்ட்டில் ஒரு வலது கையுறை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு குவளை ஆப்பிள் மதுவுக்காகப் பிறந்தது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் எங்கள் ஊர் மதுக்கடையில் ஆண்டுதோறும் அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி அஜின்கோர்ட் வெற்றிக்காகக் குடிப்பார்கள். 1415-இல் எங்கள் ஐந்தாம் ஹென்றி, பசியும் வயிற்றுப்போக்குமாக இருந்த சின்னப் படையை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெரும்படையைச் சேற்றில் புதைத்த நாள். அன்று நல்ல கதை சொல்பவருக்கு மது இலவசம். போன வருடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என் முன்னோர் ஒருவர் அங்கே வில்லாளியாக இருந்தார் என்று சொல்லிவிட்டேன். ஆதாரமா? என் தோள் எவ்வளவு அகலம், பாருங்கள்.

"அடுத்த வருசம் எழுதிக் கொண்டாய்யா, பாக்கலாம்," என்றான் கடைக்காரன் டெரிக்.

நான் பேருந்து ஓட்டியவன். வேலையில் இருந்தவரை நிமிடம் பிசகாத உண்மையோடு வாழ்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பொய் சொல்வதைப் போல உடம்புக்கு இதமானது வேறில்லை.

2

தொடக்கம் ஒன்று: அம்புகள் சூரியனை மறைத்தன. (இரவெல்லாம் மழை கொட்டிய காலையில் சூரியனுக்கு எங்கே போவது? அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: சேறு கழுத்தளவு... (முழங்கால் என்றாள் என் மனைவி வின்னி. இடுப்பு என்றேன். பேரம் படியவில்லை.)

தொடக்கம் மூன்று: என் முன்னோர் ஜென்கின் ஒரே அம்பில் ஏழு பேரை (இங்கே வின்னி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.)

தொடக்கம் நான்கு: ஜென்கின் கால்சட்டை இல்லாமல் போரிட்டான்.

இது நிற்கட்டும்.*

* வயிற்றுப்போக்கு. அவிழ்த்துக் கட்ட நேரமில்லாததால் பல வில்லாளிகள் அப்படித்தான் நின்றார்கள் என்பார்கள். என் கதையில் நான் ஊதிப் பெருக்காத முதல் விஷயம் இதுதான்.

3

அம்புகள் தீர்ந்ததும் வில்லாளிகள் மரச் சுத்தியலோடு சேற்றில் இறங்கினார்கள். முன்னால் விழுந்த பிரெஞ்சு வீரன்மேல் பின்னால் வந்தவன் விழ, அவன்மேல் இன்னொருவன். ஒரு கீறல்கூட இல்லாமல், கவசத்துக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்தவர்கள் அடியில் கிடந்தார்கள். ஜென்கின் அந்தக் குவியலின் ஓரத்தில் ஒருவனை அடிக்கச் சுத்தியலை ஓங்கினான். கீழே கிடந்தவன் அவசரமாகத் தன் வலது இரும்புக் கையுறையைக் கழற்றி நீட்டினான்.

ஜென்கின் அதுவரை மாடும் முயலும் தவிர எதையும் பிடித்தவனில்லை. அன்பளிப்பு என்று நினைத்து வாங்கி மாட்டிப் பார்த்தான். பெரிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவன் ஊர்க்காரன் வாட் சிரித்தே விட்டான்.

"மாட்டிக்கறதுக்கில்லடா அது. சரணடையறான். வாங்கிட்டியா, இனி அவன் உசுரு உன் பொறுப்பு."

"வேணாம்னா?"

"இன்னொருத்தன் கையில குடுத்துரு. பொறுப்பும் கூடப் போயிரும்."

ஜென்கின் அதை இடுப்பில் செருகிக்கொண்டான்.

4

கைதியைப் பின்னால் நடத்திக்கொண்டு போனான். இங்கேதான் என் ஆள் ஒரு தவறு செய்தான். தவறு என்று அவனுக்குத் தெரியாது, எல்லோரும் செய்ததுதான். கைதியின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். வெறுந்தலையன் மறுபடி சண்டைக்கு ஓடமாட்டான் என்பது வழக்கம். அதோடு இவனுக்கு முகமூடியெல்லாம் சேறு அடைத்து, உள்ளே இருமல். கழற்றிய கவசத்தை ஜென்கின் எங்கேயோ எறிந்தான்.

உள்ளே இருந்தது ஒரு பிரபுவின் முகமாக (இல்லை) சிங்கத்தின் முகமாக (இல்லவே இல்லை) சளி ஒழுகும், முன்பல் போன, வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு முகம். படை பல நாளாக அக்ரூட் கொட்டையைத் தின்று நடந்தது. ஜென்கின் பையில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கொடுத்தான். கைதி அதை இடது கையின் இரும்புக் கையுறையால் உடைத்து, பாதியை ஜென்கினிடம் நீட்டினான்.

5

இதுவரை எல்லாவற்றையும் பெருக்கினேன். இனி வருவதைப் பெருக்க வழி தெரியவில்லை.

மிச்சமிருந்த பிரெஞ்சு அணி மறுபடி பாயப்போகிறது என்று செய்தி வந்தது. பாய்ந்தால், பின்னால் நிற்கும் கைதிகள் தரையில் கிடக்கும் ஆயுதங்களை எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கைதிகளையும் கொல்லச் சொல்லி அரசரிடமிருந்து உத்தரவு. பெரிய மனிதர்கள் தயங்கினார்கள். இரக்கத்தால் அல்ல, கைதியின் மீட்புத்தொகை போய்விடுமே என்று. அரசர் ஓர் அதிகாரியின் கீழ் இருநூறு வில்லாளிகளை அந்த வேலைக்கு அனுப்பினார். (முந்நூறு என்று எழுதிப் பார்த்தேன். கதை கொஞ்சமும் பெரிதாகவில்லை.)

அந்த இருநூறில் ஒருவன் வாட். வரிசையில் ஒவ்வொரு வெறுந்தலையாக முடித்துக்கொண்டு வந்தான்.

"தள்ளு ஜென்கின்."

"அண்ணே, கையுறைய வாங்கிருக்கேன்."

"தெரியும்டா. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்க. சீக்கிரம் முடிச்சிர்றேன்."

முடிவு ஒன்று: ஜென்கின் திரும்பி நின்றான்.

முடிவு இரண்டு: பிணங்களுக்கு அடியில் அவனை ஒளித்தான். மறுநாள் அப்படிக் குவியல்களில் மூச்சோடு கிடைத்தவர்கள் உண்டு. ஆனால் கவசங்களுக்கு நடுவே அந்த வழுக்கைத் தலை மட்டும் வெளிறித் தெரிந்தது. நாமே கழற்றியதுதானே.

முடிவு மூன்று: ஜென்கின் குறுக்கே நின்றான். அரசரின் உத்தரவை மறித்தவனுக்குத் தூக்கு. பிறகு நான் எப்படிப் பிறப்பது?

மூன்றையும் வின்னிக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்தாளுக்குப் பேரு வெச்சியா கிழவா?"

"சாகப்போறவனுக்கு எதுக்குப் பேரு?"

"அதான் இவ்ளோ சுளுவா கொல்ற."

அவளே ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: திபோ. அன்றிலிருந்து முதல் முடிவைத் தொட முடியவில்லை. மற்ற இரண்டும் நிற்கவும் மாட்டேன் என்கின்றன.

6

இன்று அக்டோபர் இருபத்தைந்து. கதையை இதுவரை கடையில் படித்தேன். கால்சட்டை இடத்தில் சிரித்தவர்கள் ஐந்தாம் பகுதியில் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"ராஜா ஜெயிச்சாரில்ல? அதோட நிறுத்திக்கயேன்," என்றான் டெரிக்.

ஜெயித்தார். அந்தப் பிரெஞ்சு அணி கடைசிவரை பாயவே இல்லை.

வாட் இரண்டு தலை தள்ளி நிற்கிறான். கத்தியைத் தொடையில் துடைக்கிறான். அவனுக்கும் கால்சட்டை இல்லாததால், துடைத்த ரத்தம் வெறும் தொடையில் அப்படியே ஒழுகுகிறது. திபோ வாயில் போட்ட பாதி அக்ரூட்டை இன்னும் மென்று முடிக்கவில்லை. என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. வேண்டாமென்றால் என்ன வழக்கம் என்றுதான் வாட் சொல்லிவிட்டானே.

இந்தாருங்கள், பிடியுங்கள். வலது கையுறை. உள்ளே இன்னும் சூடு இருக்கிறது.