தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு கும்மி

சேரப்பணஞ்சேரியில் பல வருடம் மூடிக் கிடந்த அரிசி ஆலையை 2013இல் கலையரங்கமாக மாற்றினார்கள். தெருவுக்கு விளக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து பயமில்லாமல் நடந்தோம். வாடகையும் ஏறியது. எங்களோடு இருந்த இரண்டு பெண்கள் வாடகை குறைவென்று பக்கத்து வல்லத்துக்குக் குடிபோனார்கள்.

மற்றவர்கள் வீட்டுக்கார அம்மா ராஜம்மாவின் மாடியிலேயே இருந்தோம். எல்லோரும் தெற்கத்திக்காரர்கள், ஒரகடம் கம்பெனிகளில் வேலை. நான் இயற்பியல் படித்துவிட்டுத் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். சந்தனமாரி லைனில் இருந்தாள். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்து அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

"மூணு வருசமா இங்கன கெடக்கேன். ஒருத்தருக்காவது எம் பேரு தெரியுமாட்டி மாரிசெல்வி? எல்லாருக்கும் நான் கம்பெனிப் பொண்ணு. போறதுக்குள்ள அந்த மேடையில ஒரு தடவ கும்மி அடிக்கணும்" என்றாள்.

மொட்டை மாடியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றித்தான் ஆட முடியும். எனக்குப் பேசத்தான் வராது. கை தட்ட வந்தது.

திறப்பு விழாவைக் கோயில் திருவிழா போலவே நடத்தினார்கள். ஊர் வரி கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் 'முறை' என்று ஓர் உரிமை, அந்த முறைக்கு ஒரு நிகழ்ச்சி. விழாக் குழுத் தலைவர் நடேசனிடம் சந்தனமாரி போய்க் கேட்டாள்.

"வாடகைக்குக் கீறவங்களுக்கு ஏதும்மா முறை? கீழ உக்காந்து பாருங்க."

அவள் திரும்பி வந்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. விஷயம் தெரிந்ததும் ராஜம்மா நேராக நடேசன் வீட்டு வாசலுக்குப் போனார்.

"என் வூட்டு முறைக்கு இவளுங்கதான் ஆடப் போறாளுங்க."

"இவங்க உன் வூடா?"

"என் வூட்லதான தூங்குறாளுங்க? என் தலையில ஏறி ராவெல்லாம் குதிக்கிறாளுங்க. வேற எவன் வூடு?"

நடேசன் சிரித்துவிட்டார்.

விழா அன்று மேடை மிகப் பெரிதாக இருந்தது. நாங்களோ மாடியில் நின்ற அதே அளவில் வட்டம் போட்டோம். பாட்டு ஆரம்பித்தது. நடுவே குனிந்து தட்டும் இடம் வந்தது. ஒருத்தியும் உள்ளே கால் வைக்கவில்லை. இல்லாத தொட்டியில் இடித்துக்கொள்ளாமல் எல்லோரும் விலகி விலகி ஆடினோம்.

"இன்னாடி, நடுவுல கெணறா கீது?" என்று கீழே ஒரு பெண் கத்தினாள். கூட்டம் சிரித்தது. என் கால் நின்றுவிட்டது. சந்தனமாரி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ராஜம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினார். நடுவில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நான்தான்டி தொட்டி. ஆடுங்க."

சந்தனமாரி சிரித்தாள். பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். இரண்டாவது சுற்றில், கிணறு என்று கத்திய பெண்ணும் இன்னும் நாலு பேரும் ஏறி வந்து வட்டத்தில் சேர்ந்தார்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினோம். டீக்கடையில் நின்ற நடேசன் டம்ளரோடு ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஏ சந்தனமாரி! பொங்கலுக்கு எங்க வூட்டு முறை. வந்து ஆடிட்டுப் போ."

"அப்ப நான் ஊர்ல இருப்பேன், அண்ணாச்சி."

"அதுக்கின்னா? பஸ் இல்லியா?"

பஸ் கிளம்பியது. அவள் வெகுநேரம் ஜன்னலை மூடவில்லை.