மருந்து அலமாரிச் சாவி

மூக்கைத் துடைக்கலாம் என்று கையுறையைக் கழற்றிவிட்டுக் கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடியபோதுதான் அந்தச் சாவி பாப்பாவின் விரலில் பட்டது. அப்போது அவள் தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கம்பியில் தொங்கும் நாற்காலி ஒன்றில், காலில் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள். இறங்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. வீட்டு மருந்து அலமாரியின் சாவி. வெளியே எடுத்துப் பார்க்கவே தேவையில்லை, ஐந்து வருடமாகக் கையில் புழங்குகிற சாவி.

நாற்பத்தாறு வயதுக்காரிக்கு வீட்டில் பேர் பாப்பா. ஆஸ்பத்திரியில் சிஸ்டர். வார்டில் மருந்து அலமாரியின் சாவி டியூட்டியில் இருப்பவளின் பையில்தான் இருக்கும். டியூட்டி மாறும்போது கைக்குக் கை மாறும். மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோனவள் பாதி வழியிலிருந்து தலைதெறிக்க ஓடி வருவாள், அப்புறம் ஒரு மாதத்துக்கு அவளை வைத்துத்தான் எல்லோருக்கும் சிரிப்பு. இருபத்திரண்டு வருடத்தில் பாப்பா ஒருமுறைகூட அப்படி ஓடியதில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒருநாள் ஒரே மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவைத்த பிறகு, வீட்டிலும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தாள். இரும்பு அலமாரி, ஒரே பூட்டு, அவள் பையில் சாவி.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அண்ணனை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தாள். எந்த மாத்திரை எப்போது, எது முழுசு, எது பாதி என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு நம்பர், டாக்டர் நம்பர், எல்லாம் பக்கா. நேற்று காலை வேளை மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்து, அலமாரியைப் பூட்டி, பழக்கதோஷத்தில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நேற்றிரவு போனில் கேட்டதற்கு அண்ணன் சொன்னான், "எல்லாம் குடுத்தாச்சு. நீ போய் நிம்மதியா சறுக்கு."

எதைக் கொடுத்தான்? பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து எப்படிக் கொடுத்தான்? பொய் சொல்லியிருக்கிறான். இரண்டு வேளை வலிப்பு மாத்திரை போயிற்று. போனை எடுத்தாள். சிக்னல் துளியும் இல்லை.

பனிமேல் அவளுக்கு ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. வருடக் கடைசி விடுமுறை என்றால் அண்ணன் குடும்பம் விருந்தாளிபோல் ஒருநாள் வந்து, அப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகும். மிச்ச நாளெல்லாம் பாப்பா. இந்த வருடம் என்ன தோன்றியதோ, மலைக்குப் போகிறேன் என்றாள். "தனியாவா? இந்த வயசுல அங்க போய் என்ன பண்ணப் போற?" என்றான் அண்ணன். "உருளப் போறேன்" என்றாள். ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய இடங்களில் இதுதான் ரொம்பத் தூரம், அவ்வளவுதான். வந்த பிறகும் இருப்புக்கொள்ளவில்லை. அதிகாலையில் தானாக விழித்துக்கொண்டு, எழுப்ப யாரும் இல்லாத அறையில் செருப்பைத் தேடினாள். இன்னொன்றும் மனசில் ஓடியது. இந்த நாலு நாள் அவர்கள் கொஞ்சம் திண்டாடட்டும், அப்போதாவது என் அருமை தெரியட்டும். நினைத்தது இப்படிப் பலித்துவிட்டதே என்று இப்போது தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"மேடம், நுனியத் தூக்குங்க, இறங்கணும்!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரி கத்தினாள். பாப்பா இறங்கவில்லை, கொட்டப்பட்டாள்.

"எனக்கு உடனே கீழ போகணும்."

"எல்லாரும் கீழதான் போறோம் மேடம். முன்நுனி ரெண்டையும் சேத்து வைங்க, பின்னாடி விரிங்க. அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல் எப்படி? நாலு இடத்தில் விழுந்தாள். ஐந்தாவது முறை விழுவதற்கு நேரமில்லை என்று பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சரிவின் ஓரமாகவே நடந்து இறங்கினாள். குழந்தைகள் அவளைச் சர்சர்ரென்று தாண்டிப் போயின. வாடகைக்கு எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, அறைக்குப் போய்த் துணிகளை மடிக்காமல் பைக்குள் திணித்து, மதியப் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கேதான் போனில் இரண்டு கோடு எழும்பியது.

"அண்ணா, சாவி எங்கிட்ட இருக்கு."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் குடுத்தாச்சுன்னு சொன்ன?"

"குடுத்ததாலதான் சொன்னேன். நேத்து சாயங்காலமே பூட்ட உடைச்சிட்டேன். ஸ்க்ரூடிரைவர வச்சு ஒரே நெம்பு. உன் பூட்டு ரொம்ப சுமார் பாப்பா."

பையை இறக்கிவைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அப்பாதான் சொல்லாதன்னு சொன்னாரு. சொன்னா அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்து நிப்பாளாம்."

"அப்பா சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"ஏன், ரெண்டு தடவ கேட்டா நல்லாவே புரியுதே."

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது. ஐந்து வருடமாக அப்பாவின் குழறல் அவளுக்கு மட்டும்தான் புரியும். டாக்டர்கூட அவர் பேசி முடித்ததும் இவள் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பாஷை இத்தனை சுலபமா? இரண்டே தடவையா? வயிற்றெரிச்சல் என்று சொல்லக் கூசினாலும் அது வயிற்றெரிச்சல்தான்.

"இரு, அப்பா ஏதோ கேக்கறாரு" என்று அண்ணன் போனை மாற்றினான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஈரமாக ஏதோ உருண்டு வந்தது. உதட்டைப் பார்க்காமல் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்னப்பா?" என்றாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் புரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"விழுந்தியான்னு கேக்கறாரு" என்றான் அண்ணன், தூரத்திலிருந்து.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது.

"விழுந்தேம்பா. நாலு தடவ."

அப்பா சிரித்தார். அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. "ஏறப் போறீங்களா இல்லையா?" என்றார் டிரைவர். பாப்பா ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்பதுபோல் காட்டினாள். மேலே வெள்ளைச் சரிவில் யாரோ ஒருவர் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு வெகுதூரம் உருண்டு, நின்று, எழுந்திருக்க முயலாமல் அப்படியே மல்லாந்து கிடந்தார்.